அமெரிக்கச் சிற்றூரில் ஒரே மனை இரண்டு ஜோனிங் மண்டலங்களில் விழுந்தால் எந்த விதி செல்லும்?

மாசசூசெட்ஸில் நீங்கள் வாங்க நினைக்கும் மனையின் குறுக்கே குடியிருப்பு மண்டலத்துக்கும் வணிக மண்டலத்துக்கும் இடையிலான கோடு ஓடுகிறது என்றும், எந்த விதி பொருந்தும் என்பதை யார் முடிவு செய்வார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் சில மாதங்கள் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மண்டலங்களைக் காட்டும் வண்ண வரைபடத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவ்வூர் ஜோனிங் பைலாவில் (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர் விதித்தொகுப்பில்) மண்டலங்களை நிறுவும் பிரிவை முதலில் படியுங்கள்.

பெரும்பாலான ஊர்களில் அது ஓரிரு பக்கங்களுக்கு மேல் போகாது. மண்டலங்களின் பெயர்கள் வரும். இன்ன தேதியிட்ட வரைபடம் இப்பைலாவின் அங்கம் என்ற வரி வரும். அதன்பின் எல்லைக்கோட்டுக்குப் பொருள் கொள்ளும் முறை வரும். கோடு சாலைமீது சென்றால் சாலையின் நடுக்கோடே எல்லை, மனையெல்லையை ஒட்டிச் சென்றால் மனையெல்லையே எல்லை, அடிக்கணக்கு குறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணே எல்லை, இவை எதுவும் இல்லாதபோதுதான் ஸ்கேல் வைத்து அளக்கலாம் என்பது வழக்கமான வரிசை. ஓர் அங்குலத்துக்கு 1,000 அடி என்று வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் ஏறக்குறைய 40 அடியை விழுங்கிவிடும். நான் கொல்லையில் கட்ட நினைத்த சிறு அலுவலக அறை முழுவதும் அந்தத் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கட்டட ஆய்வாளர் படத்தின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, அது குடியிருப்பு மண்டலம் என்று மறுத்தார். எல்லை சாலையோரத்திலிருந்து 200 அடி என்று பைலாவில் எழுத்திலேயே இருந்ததைக் காட்டிய பிறகு, இருவருமாக நாடா பிடித்து அளந்தோம். அறை 11 அடி இடைவெளியோடு வணிக மண்டலத்துக்குள் நின்றது.

மனையே இரண்டாகப் பிளவுபட்டால் ஊருக்கு ஊர் விதி வேறுபடும். ஒரு மண்டலத்தின் விதிகளை மறுபுறம் 30 அடி வரை நீட்டிக்கொள்ள அனுமதிக்கும் ஊர்கள் உண்டு. அந்தந்தத் துண்டுக்கு அந்தந்த மண்டல விதி என்று கறாராகச் சொல்லும் ஊர்களும் உண்டு.

இந்நாட்டில் ஜோனிங்குக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தந்த வழக்கும் பிளவுபட்ட நிலத்தைப் பற்றியதே. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் 1922இல் விதித்த மண்டலங்கள், ஆம்ப்ளர் ரியல்ட்டி நிறுவனத்தின் 68 ஏக்கரை மூன்றாக வகுத்தன: யூக்ளிட் அவென்யூவிலிருந்து 620 அடி வரை ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகள், அடுத்த 130 அடியில் அடுக்ககங்கள் வரை, எஞ்சிய பகுதியில் தொழிற்சாலைகள். ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம் 2,500 டாலராகச் சரியும் என்று நிறுவனம் வாதிட்டும், 1926இல் தீர்ப்பு கிராமத்தின் பக்கமே வந்தது.

மாசசூசெட்ஸில் இதற்கான சட்டம், மாநிலப் பொதுச் சட்டங்களின் 40ஏ அத்தியாயம். மண்டலத்தை மாற்ற வேண்டுமானால் ஊரின் திட்டமிடல் குழுவான பிளானிங் போர்டு நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுவிசாரணை நடத்த வேண்டும். பிறகு டவுன் மீட்டிங் எனப்படும் ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் (2021 முதல் வீட்டுவசதி சார்ந்த சில மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்). அதற்கும் மேல் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பொருள்கொள்வதில் முதல் சொல் கட்டட ஆய்வாளருடையது. அவர் முடிவை ஏற்காவிட்டால் 30 நாள்களுக்குள் ஊரின் மேல்முறையீட்டு வாரியத்திடம் செல்லலாம். வாரியத்தின் முடிவு, ஊர் ஆவணங்களைக் காக்கும் அலுவலரான டவுன் கிளார்க்கிடம் பதிவான 20 நாள்களுக்குள் நீதிமன்றம் செல்லலாம். விதிவிலக்கு கேட்பது வேறு வழி. ஐவர் வாரியத்தில் நால்வர் இசைய வேண்டும் என்பதால் அது எளிதில் கிடைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், டவுன் கிளார்க்கிடம் பைலாவின் சான்றிட்ட நகலையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் ஊர் வைத்திருக்கும் வண்ணப்படத்தின் அடியில், இது அளவைக்கு உரியதல்ல என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.