மெலட்ரான் ஒலி ஏன் வரவில்லை? எட்டு வினாடி டேப்பை மனதில் வைத்து வாசியுங்கள்

கேள்வி: 1960-களின் பிரிட்டிஷ் ராக் பாடல்களில் வரும் மெலட்ரான் (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளைக் கீ அழுத்தி வாசிக்கும் கருவி) ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். கணினியில் நல்ல மெலட்ரான் ப்ளக்-இன் (அந்த ஒலியைத் தரும் மென்பொருள்) ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் வாசித்தால் சாதாரண கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் மாதிரிதான் கேட்கிறது. எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்? வெளிநாட்டில் இருக்கும் நண்பர், எம்400 என்ற பழைய மெலட்ரான் ஒன்று விலைக்கு வருகிறது என்கிறார். அதை வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: ப்ளக்-இன்னில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பெயர்பெற்ற தொகுப்புகள் அசல் டேப்புகளிலிருந்தே பதிவுசெய்யப்பட்டவை. குறை பெரும்பாலும் வாசிக்கும் விதத்தில்தான் இருக்கும். கார்டைப் பிடித்து, சஸ்டெயின் பெடலை (விரலை எடுத்தபின்னும் ஒலியைத் தாங்குவது) மிதித்தபடியே அடுத்த கார்டுக்கு நழுவினால் எந்த மெலட்ரானும் மெலட்ரானாகக் கேட்காது. அசல் கருவியில் அப்படி வாசிக்கவே முடியாது.

எம்400-இன் மூடியைத் திறந்தால் 35 கீக்கும் 35 தனித்தனி டேப் துண்டுகள் தெரியும், ஒவ்வொன்றும் 3/8 அங்குல அகலம். எல்லாவற்றுக்கும் பொதுவாக நீளமான உலோகத் தண்டு ஒன்று, அதாவது கேப்ஸ்டன், ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். கீயை அழுத்தினால் ஒரு ரப்பர் ரோலர் டேப்பைத் தண்டோடு சேர்த்து நெருக்கும். கூடவே ஒரு சிறு பேட் டேப்பை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டவைக்கும். டேப் ஓடி உள்ளே இருக்கும் பெட்டிக்குள் மடிந்து இறங்கும். சுமார் 8 வினாடியில் டேப் தீர்ந்துவிடும், ஒலியும் நின்றுவிடும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் டேப்பைத் தொடக்கத்துக்கு இழுத்துவிடும். அது முழுதாகத் திரும்பும் முன் அதே கீயைத் தொட்டால் ஒலி நடுவிலிருந்து கிளம்பும், அதன் தொடக்க உரசல் இருக்காது.

இதில் லூப், அதாவது ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டுவது, கிடையாது. ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் டேப்பில் இருப்பதுதான் வரும். அரைகுறையாக அழுத்தினால் மட்டும் ரோலர் சரியாகப் பிடிக்காமல் ஒலி தள்ளாடும். விரலை எடுத்தால் ஒலி சட்டென வெட்டுப்படும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனிதர் ஒருவர் தனியாக வாசித்துப் பதிந்திருப்பதால் ஒன்றின் தொடக்கம் போல இன்னொன்று இருக்காது. சில ஸ்வரங்கள் உரக்க ஒலிக்கும், சில லேசாகச் சுருதி விலகி நிற்கும்.

ராக்காரர்கள் கைக்கு இது வந்த வழியும் உங்கள் கேள்வியோடு தொடர்புடையதுதான். மூலக் கருத்து கலிபோர்னியாவின் ஹாரி சேம்பர்லினுடையது. அவரிடம் விற்பனையாளராக இருந்த பில் ஃபிரான்சன் 1962-இல் இரண்டு சேம்பர்லின் கருவிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஒரே தரத்தில் 70 டேப் ஹெட் செய்து தருவோரைத் தேடியபோது பர்மிங்காமின் பிராட்மேட்டிக் நிறுவனம் கிடைத்தது. அதை நடத்திய பிராட்லி சகோதரர்கள் 1963-இல் மெலட்ரான் மார்க் 1-ஐயும், அடுத்த ஆண்டு மார்க் 2-ஐயும் வெளியிட்டார்கள். சேம்பர்லினுடன் எழுந்த தகராறு பிறகு பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது.

மார்க் 2-இல் பக்கத்துக்குப் பக்கமாக 35 கீ கொண்ட இரண்டு கீபோர்டுகள். இடது பக்கத்தில் ஒரு கீயைத் தொட்டால் முழு வாத்தியக் குழுவின் தாளப் பின்னணி ஓடும். வலது பக்கத்தில் 18 தனி ஒலிகள். வரவேற்பறையிலும் ஓட்டல்களிலும் ஒற்றை ஆள் ஒரு குழுவையே வாசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எடை 150 கிலோவுக்கு மேல். ராக் இசைக்கலைஞர்களுக்கு இடது பக்கத்தின் நடன இசையில் அக்கறை இல்லை. அவர்களுக்கு வலது பக்கத்தின் புல்லாங்குழலும் வயலினும் போதுமாக இருந்தன.

ராக் பதிவில் முதலில் இதைக் கொண்டுவந்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் கிரஹாம் பாண்ட், 1965-இல். ஆனால் வாசிப்பு முறைக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியது மைக் பிண்டரிடம். மூடி ப்ளூஸ் குழுவுக்கு முன்பு அவர் மெலட்ரான் தொழிற்சாலையிலேயே கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். தன் மார்க் 2-இல் இருந்த தாள டேப்புகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் தனி ஒலி டேப்புகளையே போட்டுக்கொண்டார். ஒரு கையின் கார்டு தீரும்போது மறு கை அடுத்த பக்கத்தில் தொடரலாம். 1967-இல் வந்த அவர்களுடைய 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாடலில் குரலுக்கு அடியில் எழும்பும் தந்தி ஒலியைப் பலர் ஆர்கெஸ்ட்ரா என்று நினைக்கிறார்கள். அது பிண்டரின் மெலட்ரான். அந்த ஆல்பத்தின் ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் பாடல்களுக்கு இடையிலுள்ள பகுதிகளைத்தான் வாசித்தது. ஆர்கெஸ்ட்ராவை அளவுகோலாக வைத்து ஒலியைத் தேடினால் தவறான இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.

முதலில் மாற்ற வேண்டியவை

வெலாசிட்டியை (கீயை அடிக்கும் விசைக்கான எண்) ஒரே எண்ணில் நிறுத்துங்கள், 100 என்று வைத்தால் போதும். சஸ்டெயின் பெடலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ப்ளக்-இன்னில் லூப் வசதி இருந்தால் அணையுங்கள். ரிலீஸை (விரலை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரம்) ஏறத்தாழப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒலி வெட்டுப்படுவது முதலில் காதை உறுத்தும். அந்த வெட்டு இருக்கட்டும், ரீவெர்ப் (அறை எதிரொலி) மூடிக்கொள்ளும். அட்டாக்கையும் (ஒலி எழும்பும் நேரம்) இழுத்து மென்மையாக்காதீர்கள். டேப் ஹெட்டைத் தொடும் அந்தக் கடுமையான தொடக்கம்தான் பாதி அடையாளம்.

கீ எல்லையைக் கட்டாயம் வரையறுத்துக்கொள்ளுங்கள். எம்400-இன் 35 கீ, நடு சி-யை சி4 எனக் கொண்டால், ஜி2 முதல் எஃப்5 வரை. மிடி எண்ணில் (கணினி ஒவ்வொரு கீக்கும் தரும் எண்) 43 முதல் 77 வரை. சில மென்பொருள்கள் நடு சி-க்கு சி3 என்று பெயரிடும், அதனால் எண்ணைப் பார்ப்பதே பாதுகாப்பு. இதற்கு மேலும் கீழும் சில ப்ளக்-இன்கள் சாம்பிளை (பதிவுசெய்த ஒலியை) நீட்டித் தரும். அங்கே கை போனால் உடனே போலி என்று தெரிந்துவிடும்.

எந்தக் கருவி என்பதைக் காலத்தோடு பொருத்துங்கள். எம்400 வந்தது 1970-இல். 1967 பாணி வேண்டுமென்றால் மார்க் 2 தொகுப்பையே திறக்க வேண்டும். எட்டுக் குரல் கோரஸ் 70-களின் சரக்கு, அதை 1967 பாணிப் பாடலில் போட்டால் பொருந்தாது. பீட்டில்ஸின் 'பங்களோ பில்' பாடலின் தொடக்கத்தில் வரும் ஸ்பானிஷ் கிட்டார் துணுக்கு மார்க் 2-இல் ஆயத்தமாகப் பதிந்துவைத்த ஒரு வாசிப்பு, கீயைத் தொட்டால் அப்படியே ஓடும். எம்400 தொகுப்பில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கை எப்படி நகர வேண்டும்

எட்டு வினாடி என்பதை உங்கள் பாடலின் வேகத்தில் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 16 அடி, அதாவது நான்கு பார், நிம்மதி. 72 என்றால் 9.6 அடிதான், இரண்டு பாருக்குச் சற்றே மேல். மெதுவான பாடலில் சி மேஜர் கார்டு நான்கு பார் நிற்க வேண்டும் என்றால் அப்படியே பிடிக்க முடியாது, விரல்கள் ஒவ்வொன்றாக இடம் மாற வேண்டும்.

72 வேகத்தில் இப்படி வாசித்துப் பாருங்கள். ஜி3, சி4, இ4 என்று தொடங்குங்கள். இரண்டாம் பாரின் முதல் அடியில் ஜி3-ஐ விட்டு ஜி4-ஐத் தொடுங்கள். அதே பாரின் மூன்றாம் அடியில் சி4-ஐ விட்டு சி5. மூன்றாம் பாரின் முதல் அடியில் இ4-ஐ விட்டு இ5. கார்டு மாறவில்லை, ஆனால் முழுதாக ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிட்டது, எந்த டேப்பும் தீரவில்லை. நான்காம் பாரின் முதல் அடியில் ஜி4-ஐ விட்டு ஜி3-க்கு இறங்குங்கள், மூன்றாம் அடியில் சி5-ஐ விட்டு சி4. இ5 அடுத்த பாரின் தொடக்கம் வரை தாங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய டேப்பின் தொடக்க உரசல் கேட்கும். பழைய பதிவுகளில் பின்னணி மூச்சுவிடுவதுபோல அசைவதற்கு இதுவே காரணம். ப்ளக்-இன் லூப்பில் இந்த அசைவு வராது.

ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம், மிஞ்சினால் நான்கு. அசல் கருவியில் நிறைய கீகளை ஒன்றாக அழுத்தினால் எல்லா ரோலரும் ஒரே தண்டை நெருக்கும், மோட்டார் திணறும், கார்டு முழுவதும் சுருதி இறங்கும். அந்த இறக்கத்தைப் போலச் செய்ய விரும்பினால் பெரிய கார்டு விழும் இடத்தில் பிட்ச்சை 5 முதல் 10 சென்ட் (அடுத்தடுத்த இரு கீகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) வரை இறக்கி, ஒரு வினாடியில் மீளவிடுங்கள். பாட்டு முழுக்க இதைச் செய்தால் கேலியாகிவிடும்.

தந்தி ஒலிகள் எழும்பத் தாமதமாகும், எனவே தாளத்துக்கு மயிரிழை முன்னால் விரல் விழ வேண்டும். புல்லாங்குழல் உடனே பேசும். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் தொடக்கம் அதற்கு நல்ல சான்று. 1966 நவம்பரில் பதிவு தொடங்கிய அந்தப் பாடலில் பால் மெக்கார்ட்னி வாசித்தது மார்க் 2-இன் புல்லாங்குழல். அதனோடு சேர்ந்து பழக முயன்றால் உங்கள் கீபோர்டு சுருதி சேராது. வெவ்வேறு வேகத்தில் இருந்த இரண்டு பதிவுகளை வேகம் மாற்றி ஒட்டியதால் அது ஏ-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ட்யூனிங்கை நகர்த்திக்கொண்டு பழகுங்கள்.

எல்லா கார்டும் இந்தக் கருவிக்குச் சேராது. ஜெனிசிஸ் குழுவின் டோனி பேங்க்ஸ் 1972-இல் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' தொடக்கத்துக்குத் தன் மெலட்ரானின் சுருதிக்கு ஒத்துவரும் கார்டுகளைத் தேடித்தான் எடுத்தார். நீங்களும் தொகுப்பில் ஒவ்வொரு கார்டையும் வாசித்து, கடிக்கும் கார்டைத் தள்ளிவிட்டு அதன் வேறு வடிவத்தை எடுங்கள். ட்யூனர் வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேராக்குவது மட்டும் வேண்டாம். நேராக்கிய மெலட்ரான் மலிவான ஸ்ட்ரிங்ஸ் கீபோர்டு.

மிக்ஸில்: மோனோவாகவே வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சரியவிடுங்கள். எம்400-இல் வால்யூம், டோன், பிட்ச், டிராக் தேர்வு (ஒரே டேப்பில் அருகருகே பதிந்த ஏ, பி, சி என்ற மூன்று ஒலிகளில் எது என்பது) ஆகிய நான்கைத் தவிர வேறு கட்டுப்பாடு இல்லை. ஏற்ற இறக்கம் எல்லாம் காலில், வால்யூம் பெடலில்தான். உங்களுக்கும் அந்தப் பெடல் ஒன்றே போதும். டிராக் குமிழை ஏ-க்கும் பி-க்கும் நடுவில் நிறுத்தினால் ஹெட் இரண்டு டிராக்கையும் பாதிப் பாதி தொட்டு, வயலினும் புல்லாங்குழலும் கலந்து ஒலிக்கும். நல்ல ப்ளக்-இன்களில் இதுவும் உண்டு. கனம் போதவில்லை என்றால் கார்டில் ஸ்வரங்களைக் கூட்டாமல் அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்து அடுக்குங்கள். நகலெடுத்து ஒட்டினால் இரண்டும் ஒன்றாகவே வெட்டுப்படும், பயன் இல்லை.

எம்400 வாங்கலாமா?

இந்த ஒலிக்காக மட்டும் என்றால் வேண்டாம். டேப் இயந்திரத்தைக் கழற்றி மாட்டும் பொறுமை இருந்தால், அல்லது அருகில் அப்படி ஒருவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 55 கிலோ எடை, கப்பல் கூலி தனி. நண்பர் நேரில் போகிறார் என்றால் இதைச் செய்யச் சொல்லுங்கள்: அரை மணி நேரம் ஓடவிட்டு, 35 கீயையும் ஒவ்வொன்றாகப் பத்து வினாடி அழுத்திப் பதிந்து அனுப்பட்டும். மூன்று டிராக்கிலும்.

ஒலியே வராத கீயில் டேப் அறுந்திருக்கலாம், அல்லது பேட் ஹெட்டை எட்டவில்லை. ஒலி தள்ளாடினால் ரோலர் தளர்ந்திருக்கிறது. மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் ஹெட்டில் அழுக்கு. இரண்டாம் முறை அழுத்தும்போது தொடக்கம் வரவில்லை என்றால் டேப் முறுக்கிக்கொண்டது அல்லது ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஒவ்வொரு கீக்கும் இரண்டு திருகுகள் உண்டு, ரோலருக்கு ஒன்று, பேடுக்கு ஒன்று. முதலில் ரோலரைச் சீராக்கி வேகம் நிலைத்த பிறகு பேடைத் தொடுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ரோலரை அதிகமாக இறுக்கினால் கீயைத் தொடாமலே டேப் ஊரத் தொடங்கும். ஹெட்டையும் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், ரப்பர் ரோலரில் அது படக்கூடாது.

கவலைப்பட வேண்டியது எல்லா கீயும் ஒன்றாகச் சுருதி அலையும்போதுதான். அது மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையின் கோளாறு. பழைய எம்400-களில் இருக்கும் சிஎம்சி-10 பலகை இதற்குப் பேர்போனது. அதை மாற்றியாயிற்றா என்று முதலில் கேளுங்கள், மாற்றியிருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் கருவி என்றால் 110 வோல்ட்டா என்று பின்பக்கத் தகட்டைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது டேப் சட்டகத்தைக் கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வந்து சேரும்போது 35 டேப்பும் பின்னிக் கிடக்கும். வந்த பிறகு டிராக் குமிழைத் திருப்பும்போது எந்தக் கீயிலும் விரல் இருக்கக்கூடாது. டேப் போய்விட்டாலும் பயமில்லை. பிராட்லி குடும்பத்தின் வழிவந்த ஸ்ட்ரீட்லி நிறுவனம் புதிய டேப் தொகுதிகளை இன்றும் செய்து தருகிறது. ஒரு தொகுதியில் மூன்று ஒலிகள் என்பதால், எந்த மூன்று என்பதை முன்பே முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள்.