ஹென்றி ஃபோர்டைத் தவிர, ஆரம்பகால அமெரிக்க கார் பொறியாளர்களில் யாரைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஹென்றி லேலண்ட். நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரும் கையுமாக, கருவிகள் செய்யும் டூல்ரூமில் வேலை பார்ப்பவன் நான். ஃபோர்டுக்கும் முன்னால் இவரைத்தான் வைப்பேன்.

1843ல் வெர்மான்ட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்கார வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அந்தக் கறார் கடைசிவரை அவரை விடவில்லை. 1890ல் டெட்ராய்டில் சொந்தப் பட்டறை போட்டார். கார் பக்கம் வரும்போது வயது 60ஐ நெருங்கிவிட்டது.

1902ல் ஃபோர்டு விலகிப்போன ஒரு கம்பெனியை மூடிவிட முடிவு செய்த முதலாளிகள், இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். அவரோ தன் எஞ்சினைக் காட்டி, தொழிலைத் தொடரச் சொன்னார். அதுதான் காடிலாக்.

அவர் யார் என்று உலகம் பார்த்தது 1908ல். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை வைத்தது. மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடை இருப்பிலிருந்த ஸ்பேர்களைப் போட்டார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் தவிர எதையும் மெக்கானிக்குகள் தொடவில்லை. அரம் போட்டுத் தேய்க்காமல் எந்தப் பாகமும் பொருந்தாத காலம் அது! மூன்று கார்களும் நிறம் நிறமாக ஒட்டுப்போட்ட மாதிரி எழுந்து நின்று, ஆளுக்கு 500 மைல் ஓடின. காடிலாக்குக்கு அந்த கிளப் வழங்கும் டியூவர் கோப்பை கிடைத்தது. ஃபோர்டின் நகரும் அசெம்பிளி லைன் 1913ல்தான் வந்தது. ஒவ்வொரு பாகத்தையும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்த லைன் ஓரடிகூட நகர்ந்திருக்காது.

எஞ்சினைக் கிளப்பக் கையால் சுற்றும் கிராங்க் கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிவது அப்போது சகஜம். அதற்கு முடிவுகட்ட சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரை வைத்து மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கி, 1912 காடிலாக்கில் பொருத்தினார்.

முதல் உலகப்போரில் அமெரிக்கப் போர் விமானங்களுக்கான லிபர்ட்டி எஞ்சின் செய்வதற்காக, 1917ல் காடிலாக்கை விட்டு வந்து மகனோடு லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். 1864ல் லேலண்ட் தன் முதல் ஓட்டைப் போட்டது ஆபிரகாம் லிங்கனுக்கு, அவர் பெயர்தான் அது. போருக்குப் பின் கார் செய்தார்கள், கடன் நெரித்தது. 1922ல் ஃபோர்டு அந்தக் கம்பெனியை 80 லட்சம் டாலருக்கு வாங்கினார். சில மாதங்களிலேயே அப்பா, மகன் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். பழைய பங்குதாரர்களுக்குப் பணம் வாங்கித்தர லேலண்ட் நடத்திய வழக்கும் தோற்றது. 1932ல், 89 வயதில் காலமானார்.