வாசகர் கேள்வி – பதில்: பாஸ்டன் துறைமுகத்துக் கலங்கரை விளக்கம்

கேள்வி: எங்கள் மகள் பாஸ்டன் நகரில் பணிபுரிகிறாள். வரும் கோடையில் அங்கே செல்லவிருக்கிறோம். மாமல்லபுரத்தில் உச்சி வரை ஏறிப் பார்த்ததைப் போல, பாஸ்டன் துறைமுகத் தீவிலுள்ள கலங்கரை விளக்கத்திலும் ஏற முடியுமா? அமெரிக்காவிலேயே மிகப் பழமையானது அதுதான் என்பது உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஏறுவது கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரின் மையத்திலிருந்து சுமார் 9 மைல் தொலைவில், லிட்டில் புரூஸ்டர் என்னும் சிறு பாறைத் தீவில் அது நிற்கிறது. முன்பெல்லாம் பயணிகளைத் தீவில் இறக்கி, 76 படிகளையும் அவற்றுக்கு மேலுள்ள ஏணிகளையும் ஏறவிட்டார்கள். புயலில் படகுத்துறை சேதமடைந்த பிறகு அந்த வசதி நின்றுபோனது. கோடையில் துறைமுகத்தைச் சுற்றிவரும் படகுகள் தீவை நெருங்கிச் செல்வதுண்டு. ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே, படகு எவ்வளவு அருகில் போகும், இறங்க அனுமதி உண்டா என்று மகளைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பழமையைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு, ஆம் என்றும் இல்லை என்றும் பதில் சொல்லலாம். இன்றைய அமெரிக்க மண்ணில் முதன்முதலாகக் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்ட இடம் இதுதான். 1716 செப்டம்பர் 14 அன்று, துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களிடம் டன்னுக்கு ஒரு பென்னி வீதம் வரி வசூலித்து அதை நடத்தத் தொடங்கினார்கள். ஆனால் அந்த முதல் கோபுரம் இப்போது இல்லை. விடுதலைப் போரின்போது அமெரிக்கப் படையினரே அதற்கு இருமுறை தீ வைத்தனர்; 1776இல் துறைமுகத்தைவிட்டு வெளியேறிய பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். நீங்கள் காணப்போவது 1783இல் கட்டி, 1859இல் 89 அடியாக உயர்த்திய கோபுரம். நிற்கும் கோபுரங்களில் மூத்தது எது என்று கேட்டால், நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் உள்ள, 1764ஆம் ஆண்டைச் சேர்ந்த சாண்டி ஹூக் விளக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். சுற்றுலா விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன.

பாஸ்டன் விளக்கின் முதல் காவலர் ஜார்ஜ் வொர்திலேக் 1718 நவம்பரில் தம் மனைவி, மகளுடன் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். அப்போது அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அந்தத் துயரத்தைப் பாட்டாக எழுதி, அச்சிட்டுத் தெருவில் விற்றான். நம்மூர்ச் சந்தைகளில் கொலைச் சிந்துகள் விற்ற கதைதான்! பாட்டு நன்றாக விற்றதென்றும், ஆனால் தம் தந்தை அதைக் கேலி செய்து, பாட்டுக் கட்டுபவர்கள் பொதுவாகப் பிச்சைக்காரர்களே என்று சொன்னாரென்றும் ஃபிராங்க்ளின் பிற்காலத்தில் எழுதினார்.

படகு நெருங்கும்போது, வெள்ளைக் கோபுரத்தின் இடுப்பைச் சுற்றியிருக்கும் வளையங்களைக் கவனியுங்கள். 1809இல் சுவரில் விரிசல் கண்டபோது, அது பிளந்துவிடாமல் இருக்க இரும்புப் பட்டைகளைப் பூட்டினார்கள். இப்போதிருப்பவை பின்னர் மாற்றப்பட்டவை. உச்சியில், ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு வீசும் 1859ஆம் ஆண்டின் ஃபிரெனெல் கண்ணாடி வில்லை இருக்கிறது. சுற்றிலும் பன்னிரண்டு கண்களுடன் அது மெல்லச் சுழல்வதால், ஒவ்வொரு கண்ணும் கடலை நோக்கும் கணத்தில் ஓர் ஒளிவீச்சு தெரியும். பத்து நொடிக்கு ஒன்று என்று எண்ணிப் பார்த்தால், முழுச் சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆவது புரியும். அமெரிக்காவில் கடைசியாக, 1998இல்தான், இவ்விளக்கு தானியங்கியானது. அதற்குப் பிறகும் காவலர் இருந்தார். கடைசிக் காவலரான சாலி ஸ்னோமன் 2023 இறுதியில் ஓய்வுபெற்றார்.

கோடையே ஆனாலும் துறைமுகத்துக்கு வெளியே காற்று சில்லென்று அடிக்கும். முழங்கால் வலியுள்ளவர்களும் படகில் தயங்காமல் செல்லலாம், ஆனால் மேற்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் காரில் ஹல் என்னும் கரையோர ஊருக்குப் போய், அங்குள்ள ரெவீர் கோட்டைக் குன்றில் நின்றால், எதிரே தீவும் கோபுரமும் தெளிவாகத் தெரியும்.