வெள்ளை வேட்டிக்கு லீவு

கேள்வி: அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கோம். செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, சம்மரை வழியனுப்புற லாங் வீக்கெண்ட். இந்த வருஷம் கை கொஞ்சம் டைட்டு, செலவில்லாம எப்படிக் கொண்டாடலாம்? அதுக்கப்புறம் வெள்ளை டிரெஸ் போடக்கூடாதுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, நிஜமா?

பதில்: மத்ததெல்லாம் கெடக்கட்டும், மொதல்ல அந்த வெள்ளை. அப்படி ஒரு பழைய வழக்கம் அங்க உண்டு, இப்ப யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. ஆனா இங்க மட்டும் அது வந்துச்சுன்னா நம்ம கட்சிக்காரங்க கதிய யோசிங்க, செப்டம்பர்ல இருந்து பொதுக்குழுவெல்லாம் கட்டம் போட்ட லுங்கியிலதான், சட்டைப்பையில வெச்ச தலைவர் போட்டோ எந்தத் துணி வழியா வெளிய தெரியும்? எனக்குப் பிரச்சனையில்ல. என்கிட்ட இருக்கற நாலு வேட்டியில ரெண்டுல சாம்பார், ஒண்ணுல நீலம் ஜாஸ்தியாகி ஆகாசக் கலரு, இன்னொண்ணு கல்யாணத்துக்கு மட்டும்.

அப்புறம் அந்த 'லேபர்'. 1886 மே மாசம் சிகாகோவுல எட்டு மணி நேர வேலை கேட்டு ரத்தம் சிந்துனதுலதான் உலகத்துக்கே மே தினம் வந்துச்சு, அந்த நாட்டுக்காரங்களோ செப்டம்பருக்கு ஓடிட்டாங்க. 1894 ஜூன் 28 அன்னிக்கு பிரசிடெண்ட் கிளீவ்லேண்ட் லேபர் டேக்குக் கையெழுத்து போடுறாரு, அடுத்த வாரமே ரயில்வே ஸ்டிரைக்க அடக்க அதே சிகாகோவுக்குப் பட்டாளம் அனுப்புறாரு. லீவு ஒரு கையில, துப்பாக்கி ஒரு கையில. (மே டேக்கு லீவு விடலன்னு எங்க உதவி ஆசிரியர் வருஷா வருஷம் என்னை முறைக்கறாரு, நான் துப்பாக்கியெல்லாம் எடுக்கல, கவனிக்கவும்.) இந்தியாவுல மொத மே தினம் 1923ல நம்ம சென்னை பீச்சுல, சிங்காரவேலர் நடத்துனது. கொடிக்குத் துணியில்லாம மகளோட சிவப்புப் புடவையக் கிழிச்சாருன்னு ஒரு கதை சொல்வாங்க. பட்ஜெட்ல கொண்டாடறதுன்னா அதுங்க!

உங்களுக்குப் புடவைச் செலவுகூட வேணாம். உங்க பக்கம் அது சோள சீசன், ரோட்டோரம் பண்ணைக்காரங்க கதிரக் குவிச்சு வெச்சுட்டு ஆளே இல்லாம ஒரு காசு டப்பா மட்டும் வெச்சிருப்பாங்க. ஒரு டஜன் எடுங்க, காச ஒழுங்கா போடுங்க, நம்ம மானம் அந்த டப்பாவுலதான் இருக்கு. பார்க்குல இரும்பு அடுப்பு ஊணி வெச்சிருப்பாங்க, ஒரு பை கரி போதும். தோல உரிச்சு, கறுப்புப் புள்ளி விழுற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சுட்டு, பாதி எலுமிச்சம்பழத்த உப்பு மிளகாப்பொடியில தொட்டு மெரினா ஸ்டைல்ல நல்லா தேய்ங்க. பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒண்ணு குடுங்க. அன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு வெள்ளை போட பர்மிஷன் இருக்கில்ல, மிளகாப்பொடிய மட்டும் பார்த்து.