ஏழைப் பெண்களைப் பற்றிய வரலாற்றுப் புதினத்தை எங்கிருந்து தொடங்குவது?

அரசியல் கொந்தளிப்பில் சிக்கிய ஏழைப் பெண்களை வைத்து வரலாற்றுப் புதினம் எழுத எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுக்கூட்டத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி ஓராண்டை வீணாக்கினேன்.

நான் எடுத்துக்கொண்ட களம் 1940களின் கீழத்தஞ்சை, அதாவது பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. நிலக்கிழாரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) தண்டனையாக இருந்த ஊர்களில், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயிகள் சங்கத்தைக் கட்டிய காலம் அது. என் முதல் வரைவில் கதைநாயகி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சுக் கேட்டுக்கொண்டே இருந்தாள், கதை நகரவில்லை. பிறகு, நாகப்பட்டினம் பக்கத்தில் நடவு நட்டே காலம் கழித்த, தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டியிடம், சங்கம் வந்தபின் என்ன மாறியது என்று கேட்டேன். "வரப்புல கெடக்குற புள்ளக்கிப் பாலு குடுக்கக் கரையேறலாம்னு ஆச்சு, தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

முதல் அத்தியாயத்தை அந்த ஒரு வரியிலிருந்து திரும்ப எழுதினேன். கருவேல மரத்துத் தூளியில் பிள்ளை வீறிடுகிறது. தாய்க்குப் பால் கட்டிச் சேலை நனைகிறது. வரப்பில் குடையோடு, பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் நிற்பதால் அவள் நிமிரவில்லை. பக்கத்தில் நடுகிறவள், யாரும் சொல்லாமலே, இவளுடைய இடத்திலும் சேர்த்து நாற்றை ஊன்றுகிறாள். சங்கம் என்ற சொல்லே அந்த அத்தியாயத்தில் கிடையாது.

ஆவணங்களையும் படிக்கத்தான் வேண்டும். 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை நெல்லாகப் பேசுகிறது. ஆனால் அந்த நெல்லை அளப்பவர் மரக்கால் என்னும் அளவுபாத்திரத்தின் விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளந்தாரா, மேலே குவிந்தபடி கும்பாச்சியாக விட்டாரா என்பதில்தான் அன்றிரவு உலை ஏறுமா என்பது இருந்தது. ஆண்களைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்ணுக்கு அந்த ஒரு பிடி இன்னும் பெரிது. (தாத்தா காலத்து மரக்கால் ஒன்றை இரவல் வாங்கி நானே அளந்து பார்த்தேன், வீட்டில் சிரித்தார்கள்.)

கீழத்தஞ்சை என்றதும் பலரும் வெண்மணிக்கு ஓடுகிறார்கள். அந்த ஊரில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட, தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். ஆனால் அந்த நெருப்பையே உச்சக்காட்சியாக்கினால், அதுவரை அவர்கள் வாழ்ந்தது வெறும் முன்கதையாகிவிடுகிறது. என் புதினம் 1952இல், மரக்காலைத் தலைதட்ட வந்த கையை ஒருத்தி பிடித்துக்கொள்வதோடு நிற்கிறது. வெண்மணி வரை அதைக் கொண்டுபோகும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.