குழந்தைக்கு ஒரு மரவாள்

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகனுக்கு மரத்தில் வாள் செய்து தர ஆசை. வளைந்த வாள், பிடியில் சிங்கமுகம், வெள்ளிப் பூச்சு. வரைபடம் இணைத்துள்ளேன். எந்த மரம் எடுக்கலாம்? ஆயுதம் கொடுத்தால் பையன் முரடனாகிவிடுவான் என்கிறார் மனைவி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

கனமில்லாமல், கணு இல்லாமல் இருந்தால் எந்த மரமும் சரி. முரட்டுத்தனத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாள் கிடைக்காத பிள்ளை அடிஸ்கேலைச் சுழற்றுவான்.

உங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். சிங்கமுகமும் வெள்ளிப் பூச்சும் யாருக்கு, அலமாரிக்கா? கீழே விழுந்தால் நீங்கள் பதறப்போகும் ஒன்றை அவன் கையில் கொடுக்காதீர்கள்.

அதைவிட மோசம் அந்த வளைவு. பலகையில் நார் நேராக ஓடுகிறது. வளைத்து அறுத்தால் நார் நுனிவரை போகாமல் விளிம்பிலேயே அறுபட்டுவிடும். ஓங்கி ஒரு அடி அடித்தால் அங்கேதான் முறியும், முறிந்த இடம் ஊசியாக நிற்கும். பிடிக்கு மேலே குறுக்காக நிற்கும் கைக்காப்பும் அப்படியே. பிடியோடு சேர்த்து ஒரே பலகையில் அறுத்தெடுத்தால், காப்பில் நார் குறுக்கே கிடந்து பிஸ்கட் மாதிரி உடையும். காப்பைத் தனித் துண்டாக, அதன் நீளவாக்கில் நார் ஓடும்படி எடுங்கள். வாளும் காப்பும் குறுக்கிடும் இடத்தில் இரண்டிலும் பாதித் தடிமனைச் செதுக்கி, ஒன்றில் ஒன்று படியவைத்துப் பசை போட்டு இறுக்குங்கள். நேர்வாளாகச் செய்யுங்கள். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

என் மாமா தச்சர். எனக்கு வாள் செய்தபோது அவர் எதையும் வரையவில்லை. பலகைத் துண்டை என் பக்கத்தில் நிறுத்தி, இடுப்புக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். அவ்வளவுதான் அளவு. பிடியை நீள்வட்டமாக இழைத்தார். உருண்டையாக இருந்தால் கைக்குள் சுற்றுமாம். உப்புத்தாள் போட்ட பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டார். படுத்திருந்த நார்ச் சிலும்பெல்லாம் எழுந்து நின்றது. அதையும் தேய்த்தபின் பழைய பருத்தித் துணியை விளிம்போடு இழுத்தார். நூல் மாட்டிய இடத்தில் மறுபடி தாள். அந்தத் தேய்ப்பை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார். முடிஞ்சதா, முடிஞ்சதா என்று கேட்டுக்கொண்டே தேய்த்தேன். இப்போதைய அப்பாக்கள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ரகசியமாகச் செய்கிறார்கள். நல்ல பாதியை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள்!

முனையை நன்றாக மழுக்குங்கள். பூச்சுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள், காய நாளாகும். எண்ணெய் துடைத்த துணியை விரித்துக் காயவையுங்கள். சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். அப்புறம், முடித்ததும் படம் அனுப்ப வேண்டாம். உடைந்தபிறகு எங்கே உடைந்தது என்று எழுதுங்கள்.