‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்றால் டீ வேண்டாம் என்றா அர்த்தம்?

கே: வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும்போது பின்சீட்டிலிருந்த வெளிநாட்டு அம்மா, ‘ஐ ஆம் ஃபீலிங் அண்டர் த வெதர்’ என்றார். குளிருகிறதாக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சரிதானா?
– டாக்சி ஓட்டுநர், கொடைக்கானல்

ப: உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிரட்டியிருக்கலாம். கண்ணாடியை ஏற்றினால் அது கூடத்தான் செய்யும். அடுத்த முறை வண்டியை ஓரங்கட்டி, ‘ஷல் வி ஸ்டாப் ஃபார் எ வைல்?’ என்று கேளுங்கள். சளி, தலைவலி, அசதி மாதிரி லேசான கோளாறுக்கே இந்தத் தொடர் பொருந்தும். ஐசியூவில் இருப்பவரைப் பற்றி இப்படிச் சொன்னால் அலட்சியமாகப் பேசுவது போலாகும். ‘வெதர்’ இருக்கும் இடத்தில் ‘கிளைமேட்’ போடாதீர்கள். ‘இன்னிக்கு கிளைமேட் நல்லாருக்கு’ என்று பேசிப் பழகிய வாய்க்கு இந்தத் தவறு எளிதில் வரும்.

கே: ‘டிரெக்கிங் போகலையா?’ என்று ஒரு சுற்றுலாப் பயணியிடம் கேட்டேன். ‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்றார். நான் டீயைப் பற்றிக் கேட்கவே இல்லையே?
– டீக்கடைக்காரர், குன்னூர்

ப: ‘எனக்கு அதில் நாட்டமில்லை’ என்கிறார். முகத்திலடித்தாற்போல் ‘பிடிக்காது’ என்று சொல்லாமல் நழுவும் நாகரிகமான வழி இது. விருப்பத்தைச் சொல்லுமே தவிர, திறமையைச் சொல்லாது. ‘கணக்கு எனக்கு வராது’ என்ற பொருளில் எழுதுவது தவறு. ‘மை’ என்பது ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்று மாறலாம். கப்பை கிளாஸாக்கவோ டீயைக் காபியாக்கவோ முடியாது.

கே: பெங்களூரில் சிகிச்சையில் இருக்கும் மாமாவைப் பற்றி டாக்டர், ‘ஹி இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்’ என்றாராம். ‘அவுட்’ என்று காதில் விழுந்ததுமே அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்.
– கோத்தகிரி

ப: அத்தையிடம் உடனே சொல்லுங்கள்: ‘கண்டம் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை’ என்பதே பொருள். காட்டுக்குள் சிக்கியவர் இன்னும் வெளியே வந்து சேரவில்லை என்ற உருவகம். கை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தமே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் எதையும் ஊகிக்காதீர்கள். ‘ப்ளீஸ் சே இட் இன் சிம்பிள் வேர்ட்ஸ்’ என்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்துக்குப் புரியும்படி சொல்வது மருத்துவரின் கடமை.

கே: ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதைக் ‘குறிஞ்சி பூத்தாற்போல்’ என்று சொல்லித்தரலாமா?
– ஆசிரியை, உதகை

ப: ‘அத்தி பூத்தாற்போல்’ இன்னும் நெருக்கம். நீலக்குறிஞ்சிக்கு 12 ஆண்டுக் கணக்கு உண்டு. ஆங்கிலத் தொடருக்குக் கணக்கே இல்லை, எப்போதாவது என்பதுதான். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிக்கும் ‘ப்ளூ மூன்’ என்று பெயர், 2023 ஆகஸ்ட்டில் வந்ததே, அதுபோல. அதை வைத்துக் காலக்கணக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு இத்தொடர் பொருந்தாது.

கே: ‘இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’?
– மாணவர், கூடலூர்

ப: கொட்டோ கொட்டென்று கொட்டும் மழை. பாடப்புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு இன்றைய பேச்சில் இல்லை. ‘இட்ஸ் ரெயினிங் ஹெவிலி’ போதும்.

கே: நூறு தொடர்களை மனப்பாடம் செய்தேன். பேசும்போது ஒன்றும் வாயில் வரவில்லை.
– கல்லூரி மாணவி, உதகை

ப: பொருளை மட்டும் படித்ததுதான் காரணம். வாரத்துக்கு ஐந்து போதும். முழு வாக்கியம் ஒன்று, எந்தச் சொல் மாறலாம், யாரிடம் சொல்லலாம், இணையான தமிழ் வழக்கு, இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ‘கிக் த பக்கெட்’டை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘மண்டையைப் போடுவது’. ‘கிக்’ என்பது ‘கிக்ட்’ ஆகலாம். ‘பக்கெட்ஸ்’ என்று பன்மையாக்கினாலோ, ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்று திருப்பினாலோ நிஜமாகவே வாளியை உதைத்ததாகிவிடும். துக்கம் விசாரிக்கையிலும் விடுப்புக் கடிதத்திலும் இது வரவே கூடாது. அங்கே ‘பாஸ்ட் அவே’. ‘ஹி லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ அப்படியல்ல. ‘த கேட் இஸ் அவுட் ஆஃப் த பேக்’ என்று திருப்பினாலும் பொருள் கெடாது: ‘குட்டு வெளிப்பட்டுவிட்டது’. ஒரு தொடரை மூன்று பேர் வாயிலாவது கேட்டபிறகே நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.